பதினாலு நாள்

சோஹாரில் ஜனவரி.
ஏசி ஓயாமல் இரைந்த வீட்டில்
இப்போது குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது.

பரிசோதனைக்கூட வாசலில்
சிமெண்டுச் சாக்கோடு நின்றார் மொஃபிஸுல்,
சஹம் பக்கத்துத் தோட்டமொன்றில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்.
போன மாதம் அவர் கையில் நரம்பு கிடைக்காமல்
மூன்று தடவை குத்தியவள் நான்.
"நாரஞ்ச்" என்றார்.
"நாரத்தையா?" என்றேன்.
தலையாட்டினோம்,
அவர் தன் சொல்லுக்கு, நான் என் சொல்லுக்கு.
முதலாளி தின்பதில்லையாம்.
ஆடும் தின்பதில்லையாம்.

பத்தொன்பது பழம்.
தோலைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கினேன்.
மணி பத்தானபின் சுண்டுவிரல் கனத்துக்கு.
உள்ளிருக்கும் வெள்ளையைச் சுரண்டிவிடச் சொல்வார்கள்,
பாதியை விட்டுவைத்தேன்.
கசப்பு மொத்தமும் போய்விட்டால் இந்தப் பாடு எதற்கு,
லூலூவில் ஜாம் மலிவு.

விதைகளை எறியவில்லை.
மீன்முட்டை போல வழுக்கிக்கொண்டு ஓடியவற்றை
ஆன்றோவின் பழைய கைக்குட்டையில் முடிந்து
பானைக்குள் தொங்கவிட்டேன்.
இறுக்குவது அதுதான்.
யாருக்கும் வேண்டாத இடத்தில்தான்
பழத்தின் பசை இருக்கிறது என்று
ஏதோ பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கையில்
முடிச்சு அவிழ்ந்து
அத்தனை விதையும் பானையில்.
ஓட்டைக் கரண்டியால் இருபது நிமிடம்
ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

இந்த வீட்டுக்குள் வெள்ளைச் சர்க்கரை வந்து
ஐந்து மாதமாகிறது.
அன்று காலை இயந்திரம் துப்பிய எண்ணைப் பார்த்து
யாரோ பாவம் என்றேன்.
அப்புறம்தான் பெயரைப் பார்த்தேன்.
ஆன்றோ, ஆண், நாற்பத்து நான்கு.
கையெழுத்துப் போட வேண்டியவளும் நானே.
போட்டேன்.
தேதியை மட்டும் தப்பாக எழுதியிருந்தேன்.

கலாஸ் பேரீச்சையை ஊறவைத்துப் பிழிந்த பாகு
புதுத் தார் போல இறங்கியது பானைக்குள்.
"இதுவும் சர்க்கரைதானே" என்றார்
கூடத்திலிருந்து.
தினம் அறுபது குழாயில் அதையே அளக்கிறவளிடம்
கேட்கிற கேள்வி.
"ஆமா. ஆனா ஒரு கரண்டிக்கு மேல
உங்க வாய் தாங்காது."
கசப்பை நம்பித்தான் இந்த வைத்தியம்.

ஃப்ரீசரில் குளிரவைத்த எவர்சில்வர் தட்டில்
ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால்
சுருங்க வேண்டும்.
பதினொன்றரைக்கு ஓடியது.
பன்னிரண்டுக்கும் ஓடியது.
பன்னிரண்டே முக்காலுக்கு
ஓடலாமா என்று யோசித்தது.
ஒரு மணி தாண்டி,
ஆடை கட்டிய பாலை ஊதினாற்போல
மெல்ல ஒரு மடிப்பு.
அடுப்பை அணைத்தேன்.
தோள் அப்போதுதான் வலித்தது.

நாலு பாட்டில்.
ஒன்று மொஃபிஸுலுக்கு.
இரத்தக் குழாய்களில் ஒட்டும் சீட்டையே ஒட்டி
தேதி எழுதினேன். சரியான தேதி.
சீனி சேர்க்காதது நெடுநாள் நிற்காது,
ஃப்ரிட்ஜிலும் பதினாலு நாள், அவ்வளவே.

இங்கே மற்றதெல்லாம் அப்புறத்துக்கு.
அட்டை பிரிக்காத டின்னர் செட்.
முப்பது கிலோவுக்கு எடைபோட்டு
பச்சைக் கயிறு சுற்றி, அலமாரி மேல்
ஒன்றரை வருடமாக ஊருக்குக் கிளம்பி நிற்கும் பெட்டி.
பாலித்தீன் உரிக்காத சோஃபா.
அடுத்த மார்ச்சில் கட்டாயம் என்று
நாலு மார்ச்சாகச் சொல்லும் முஸந்தம் பயணம்.
இதை மட்டும்
அந்தப் பெட்டியில் வைக்க வழியில்லை.
திருவனந்தபுரத்தில் பெல்ட் சுற்றி வருவதற்குள்
நுரைத்துவிடும்.
தின்றாக வேண்டும்.
இங்கே, இந்த இரண்டு வாரத்துக்குள்,
நாங்களே.

தூக்கம் வராதவராய் வந்தார் ஆன்றோ,
கையில் பாதிக் குபூஸ்.
ஆறட்டும் என்று நான் சொல்லுமுன்
தட்டை வழித்துவிட்டார்.
ஒரு கண் மூடியது. காது அசைந்தது.
"என்னத்துக்குடி இது" என்றார்,
மறுபடி தொட்டார்.

சோஃபா பாலித்தீனில் விழுந்தது ஒரு சொட்டு.
துணி எடுக்க எழுந்தவளின்
சேலை முனையைப் பிடித்து
"விடு, இறுகுதா பார்ப்போம்" என்றார்.

பார்த்துக்கொண்டிருந்தோம்.